வீட்டு சர்வருக்கு ரெண்டாவது ஷிஃப்ட் யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல போட்டோ, பத்திரம், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாத்தையும் கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர்ல, போட்டுட்டு நிம்மதியா தூங்குங்கன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. போன வாரம் அதுக்கு மறுப்பா ஒரு வாசகர், கிளவுட்டே வேண்டாம், வீட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கிடந்தா போதும் அதையே சர்வராக்கிடலாம் (எந்நேரமும் ஓடிட்டு, நம்ம ஃபைல வச்சிருந்து போன்ல கேட்டா எடுத்துக் குடுக்கிற மெஷின்), ஒரு மதியத்துல முடிஞ்சிரும்னு எழுதியிருந்தாரு. நானும் ரெண்டு வருஷமா வீட்ல சர்வர் ஓட்டிட்டு இருக்கிற ஆளுதான், அதனால கட்சின்னு பாத்தா நான் அந்த வாசகர் கட்சி. ஆனா அந்த 'ஒரு மதியம்' இருக்கு பாத்தீங்களா, அங்கதான் எனக்கு வம்பு. ஒரு மதியத்துல முடியிறது பொருத்துற வேலை மட்டும். ஓட்டுற வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது, அதப் பத்தி ரெண்டு பேருமே ஒரு வரி எழுதல. கடிதம் கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க, ஆஸ்பத்திரி விஷயத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் தூத்துக்குடி துறைமுகத்துல எலக்ட்ரிகல் செக்‌ஷன்ல 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது, மோட்டார், பேனல், ரிலே, கேபிள் இதுதான் தெரியும். சர்வர் பக்கம் வந்ததுக்கு காரணம் ஆர்வம் இல்ல சார், தண்ணி. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், எங்க பக்கம் வருஷம் பூரா பெய்யிறதே அவ்ளோ கிடையாது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு அத்தன ஜனமும் மாட்டிக்கிட்டது அப்பதான். எங்க வீட்ல இடுப்பளவு தண்ணி. நாங்க மச்சிக்கு போயிட்டோம், சாமான்தான் கீழ. பீரோ அடித்தட்டுல இருந்த கல்யாண ஆல்பம், எங்க அம்மா போட்டோ, பிள்ளை காதுகுத்து போட்டோ எல்லாம் நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. காய வச்சு பிரிச்சா எங்க அம்மா முகம் பாதி இந்தப் பக்கத்துலயும் பாதி அந்தப் பக்கத்துலயும் வருது. தரையில இருந்த கம்ப்யூட்டரும் போச்சு. மிச்சம் என்னன்னு பாத்தா எப்பவோ சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோதான், அதுவும் சுருங்கி தெளிவில்லாம.

உடனே மக சொன்னா, எல்லாத்தையும் கிளவுட்ல போட்டிருக்கலாம்லப்பான்னு. சரிதான். போட ஆரம்பிச்சேன், 15 ஜிபி எப்ப தீந்துச்சுன்னே தெரியல. கூகுள் போட்டோஸ் 2015ல வந்தப்போ கொஞ்சம் சுருக்கி வச்சா எவ்ளோ வேணும்னாலும் இலவசம்னாங்க, 2021 ஜூன் 1ல இருந்து மெயில், டிரைவ், போட்டோ மூணும் சேத்து 15 ஜிபி, மேல போனா காசுன்னு மாத்திட்டாங்க. அத தப்புன்னு நான் சொல்லல, கடை அவங்களது, விலையும் அவங்களது. எனக்கு உறுத்தினது வேற. இலவசமா வெப்சைட் வைக்க இடம் குடுத்த ஜியோசிட்டீஸ் 2009ல போச்சு, ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட் 2014 செப்டம்பரோட போச்சு. யாகூ குரூப்ஸ்ல மரத்தடி, ராயர் காபி கிளப்னு மடல் குழு வச்சு நம்ம ஆளுங்க எவ்ளோ எழுதியிருப்பாங்க, 2019 கடைசியில பழைய மடலை எல்லாம் அழிக்க ஆரம்பிச்சு 2020 டிசம்பர்ல மொத்தமா ஷட்டர் இறக்கிட்டாங்க. 2022ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு விஷயம் வந்துச்சு, சான் பிரான்சிஸ்கோல ஒரு அப்பா, சின்னக் குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு டாக்டருக்கு காட்ட எடுத்த போட்டோவ கூகுளோட மெஷின் ஆபாசம்னு முடிவு பண்ணி கணக்க மூடிருச்சு, போலீஸ் விசாரிச்சு அந்தாளு மேல தப்பே இல்லன்னு எழுதிக் குடுத்தும் கணக்கு திரும்ப வரல. பத்து வருஷத்து மெயில், போட்டோ, போன் நம்பர் எல்லாம் போச்சு. சாவி இன்னொருத்தன் கையில இருந்தா இதுதான்னு எனக்கு அப்ப தோணிச்சு, சரி நாமளே வச்சுக்குவோம்னு கெளம்பினேன்.

மெஷின் எதுன்னு கேட்டா, என் மக பிளஸ் டூ படிக்கும்போது கவர்மென்ட்ல குடுத்த இலவச லேப்டாப். வெள்ளத்தப்போ மச்சில பரண் மேல கிடந்ததால பிழைச்சுது. ராம் 2ல இருந்து 8 ஜிபி ஆக்கினேன், உள்ள இருந்த பழைய டிஸ்க கழட்டிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டேன், போட்டோ வைக்க வெளிய 2 டிபி டிஸ்க் ரெண்டு. விண்டோஸுக்கு பதிலா டெபியன் லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டம் போட்டேன். டெபியன் 1993ல இருந்து இருக்கு, அவசரமே படாத சிஸ்டம், எனக்கு அந்த குணம் புடிச்சுது. லேப்டாப்ப மூடினா தூங்கிரும், அந்த செட்டிங்க மாத்தணும், இதுக்கே எனக்கு ஒரு நாள் ஆச்சு, அது எங்க இருக்குன்னு தெரியாம மூடியில ஒரு தீக்குச்சிய சொருகி வச்சிருந்தேன்.

கரண்ட் எவ்ளோ இழுக்கும்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. பிளக்ல சொருகுற மீட்டர் வச்சு அளந்தேன், டிஸ்கோட சேத்து சராசரி 12 வாட். 24 மணி நேரம், 60 நாள், கணக்கு போட்டா ரெண்டு மாச பில்லுல 17 யூனிட் சொச்சம். சாதா சீலிங் ஃபேன் ஒண்ணு ராத்திரி மட்டும் ஓடினாலே இதவிட கூட வரும். அதனால கரண்ட சாக்கு சொல்லாதீங்க.

சாக்கு சொல்லணும்னா உப்புக் காத்த சொல்லுங்க. துறைமுகத்துல இருந்தவனுக்கு இது தெரிஞ்ச எதிரிதான், இருந்தும் வீட்டுக்குள்ள வரும்னு யோசிக்கல. எட்டே மாசத்துல யுஎஸ்பி பின்னுல பச்சை பூத்துருச்சு, டிஸ்க் திடீர்னு காணாமப் போகும், திடீர்னு வரும், நான் மென்பொருள்ல கோளாறுன்னு ரெண்டு ராத்திரி தேடினேன், கடைசியில கான்டாக்ட் கிளீனர் அடிச்சு துடைச்சதும் சரியாச்சு. ரௌட்டருக்குள்ள எறும்பு. அடாப்டர் சூட்டுக்கு வந்து படுத்த பல்லி. ஜன்னல் பக்கம், மாடிப்படிக்கு கீழ, பாத்ரூம் சுவர் ஓரம் இங்க எல்லாம் வைக்காதீங்க. எங்க வீட்டு சுவத்துல வெள்ளத் தண்ணி நின்ன கோடு இன்னும் லேசா தெரியும், அதுக்கு மேல நாலு அடி உயரத்துல ஒரு பலகை அடிச்சு வச்சிருக்கேன். அப்புறம் முக்கியமான ஒண்ணு, பழைய லேப்டாப்ல பேட்டரி இருக்கு, அதுவே யுபிஎஸ்னு நிறைய பேரு சொல்றாங்க, நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன். எந்நேரமும் சார்ஜ்லயே கிடந்து ஒரு வருஷத்துல பேட்டரி உப்பி டச்பேட் மேல தூக்கிட்டு நின்னுச்சு. லித்தியம் பேட்டரி உப்பினா விளையாட்டு இல்ல, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, வெளிய எடுத்துட்டு பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்குற இடத்துல குடுத்திரணும். இப்ப பேட்டரி இல்லாமலே அடாப்டர்ல ஓடுது, அடாப்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. இன்வெர்ட்டர் சைன் வேவா, அதாவது லைன் கரண்ட் மாதிரியே குடுக்கிற வகையா இருந்தா நல்லது, பழைய ஸ்கொயர் வேவ்ல அடாப்டர் உறுமும்.

வெளியூர்ல இருந்து எப்படி பாக்கிறதுங்கிறது அடுத்த தலைவலி. மக கோயம்புத்தூர்ல இருக்கா, அவளுக்கு போட்டோ தெரியணும். ரௌட்டர்ல ஒரு போர்ட்ட, அதாவது வெளிய இருந்து உள்ள வர்ற ஒரு வாசல, தொறந்து விடுன்னு வீடியோல சொன்னாங்க, தொறந்தேன், ஒண்ணும் வரல. அப்புறம்தான் புரிஞ்சுது, எங்க லைனுக்கு தனி ஐபியே, அதாவது இன்டர்நெட்ல எங்களுக்குன்னு ஒரு விலாச நம்பரே, கிடையாது. பழைய ஐபி நம்பர் மொத்தமே 429 கோடிதான், நம்ம ஆசியா பக்கத்துக்கான இருப்பு 2011 ஏப்ரல்லயே கடைசி மூட்டைக்கு வந்துருச்சு, அதனால நெட் குடுக்கிறவங்க ஒரே நம்பர பல வீட்டுக்கு பங்கு போட்டுக் குடுக்கிறாங்க. அபார்ட்மென்ட் முழுசுக்கும் ஒரே தபால் பெட்டி வச்ச மாதிரி, உங்க வீட்டுக்குன்னு வெளிய இருந்து யாரும் நேரா வர முடியாது. ரௌட்டர்ல வெளி ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள காட்டிச்சுன்னா நீங்களும் என் கேஸ்தான்.

இப்ப யோசிச்சா அது தொறக்காம இருந்ததே நல்லதுதான். தெரிஞ்ச பையன் ஒருத்தன் தனி ஐபி வச்சிருக்கான், அவன் எஸ்எஸ்எச் போர்ட்ட (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள லாகின் பண்ற வாசல்) தொறந்து வச்சு, யார் யார் தட்டினாங்கன்னு பதிவாகிற லாக்க காட்டினான், ரூட், அட்மின், டெஸ்ட்னு பேரு மாத்தி மாத்தி எவனெவனோ தட்டிட்டே இருக்கான், நிமிஷத்துக்கு நாலஞ்சு தடவ. மனுஷன் இல்ல, எல்லாம் மெஷின். அதனால நான் டெயில்ஸ்கேல் போட்டேன், நம்ம மெஷினுக்குள்ள மட்டும் ஒரு ரகசியப் பாதை போடுற மென்பொருள், வயர்கார்டுங்கிற முறையில ஓடுது, வயர்கார்ட 2020ல லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே சேத்துட்டாங்க, நம்பி போடலாம். எங்க வீட்டு போன், மக போன், சர்வர் இது மட்டும் ஒரு குடும்பமா பேசிக்கும், வெளியாளுக்கு கதவே கிடையாது. டெயில்ஸ்கேலும் ஒரு கம்பெனிதானேன்னு கேட்டா ஆமா, கம்பெனிதான், சிரிக்காதீங்க. முழுசா யாரையும் நம்பாம இருக்கிறது நம்மால ஆகாது, எத நம்புறோம்னு தெரிஞ்சு நம்பினா சரி. எந்த வழியில வந்தாலும் பாஸ்வேர்டு லாகின ஆஃப் பண்ணிட்டு கீ லாகின் (நம்ம மெஷின்ல இருக்கிற சாவி ஃபைல் இருந்தாதான் திறக்கும்) மட்டும் வைங்க, செக்யூரிட்டி அப்டேட் தானா ஏறுற மாதிரி பண்ணுங்க. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ்ங்கிற வீட்டு டிஸ்க் வச்சிருந்த பல பேருக்கு, யாரோ வெளிய இருந்து ரீசெட் பண்ணி, காலையில எழுந்து பாத்தா எல்லாம் காலி. அந்த மாடலுக்கு 2015ஓட அப்டேட் நின்னு போச்சு, பெட்டி மட்டும் நெட்ல ஓடிட்டே இருந்துச்சு. வீட்ல இருக்குங்கிறதுனாலயே பத்திரம்னு ஆகாதுன்னு அந்த வாசகருக்கு சொல்ல விரும்புறேன்.

பேக்கப்ல நான் பண்ண கூத்த சொல்லியே ஆகணும். தெனமும் ராத்திரி 2 மணிக்கு மொத டிஸ்க்ல இருந்து ரெண்டாவது டிஸ்க்குக்கு ஆர்சிங்க்ங்கிற காப்பி எடுக்கிற புரோகிராம் ஓடுற மாதிரி வச்சிருந்தேன். காலையில 'முடிஞ்சுது'ன்னு ஒரு வரி லாக்ல வரும், நானும் சந்தோஷமா காபி குடிப்பேன். ஒரு நாள் சர்வர் நின்னு போச்சு, போட்டோ ஆப் திறக்கல, டேட்டாபேஸ் எழுத இடம் இல்லன்னு அழுவுது. பாத்தா எஸ்எஸ்டி 100 சதவீதம் நிறைஞ்சிருக்கு. என்னன்னா, அந்த பச்சை பூத்த யுஎஸ்பியால ரெண்டாவது டிஸ்க் ஒரு நாள் கழண்டு விழுந்திருக்கு, லினக்ஸ்ல டிஸ்க் மாட்டுற இடம்ங்கிறது ஒரு வெறும் ஃபோல்டர்தான், டிஸ்க் இல்லேன்னா அந்த ஃபோல்டர் உள் எஸ்எஸ்டியிலயே இருக்கும், ஆர்சிங்க் பாவம் சொன்னத செஞ்சிருக்கு, ரெண்டாவது டிஸ்க்குல எழுதுறதா நெனச்சு எஸ்எஸ்டியிலயே ஊத்தி ரொப்பிருச்சு. பேக்கப் ஓடுது ஓடுதுன்னு நான் நம்பிட்டு இருந்த நாள் பூரா அந்த டிஸ்க்குல ஒரு போட்டோ கூட புதுசா ஏறல. இப்ப ஸ்கிரிப்டோட மொத வரியே டிஸ்க் உண்மையிலயே மாட்டியிருக்கான்னு பாக்கிறதுதான், இல்லேன்னா நின்னு போய் எனக்கு மெசேஜ் அனுப்பும். டிஸ்க்க பேரு வச்சு கூப்பிடாம யுயுஐடிங்கிற அதோட தனி அடையாள நம்பர வச்சு மாட்டணும், ஏன்னா நேத்து எஸ்டிபின்னு லினக்ஸ் பேரு வச்ச டிஸ்க் இன்னைக்கு எஸ்டிசியா எழுந்திரிக்கும். மூணு பிரதி, ரெண்டு வகை சாமான், ஒண்ணு வேற ஊர்ல, இது போட்டோகிராபர் பீட்டர் குரோக் சொல்லி பரவின கணக்கு. வேற ஊரு பிரதி மதுரையில என் தங்கச்சி வீட்ல, நல்ல நாள் பெரிய நாளுக்கு போகும்போது டிஸ்க்க மாத்திட்டு வருவேன். தூத்துக்குடி முழுகினா மதுரை இருக்கும். பேக்கப்ல இருந்து மாசம் ஒரு போட்டோவ திருப்பி எடுத்து திறந்து பாப்பேன், அது திறந்தாதான் பேக்கப், லாக்ல வர்ற 'முடிஞ்சுது' எல்லாம் சும்மா.

நல்லதும் இருக்கு சார், இல்லாம இல்ல. போட்டோவுக்கு இம்மிச்னு ஒண்ணு ஓடுது, இலவச மென்பொருள், முகம் பாத்து பிரிக்கிற வேலைய வெளிய எங்கயும் அனுப்பாம நம்ம மெஷின்லயே செய்யும். அந்த பழைய லேப்டாப்புக்கு 20 ஆயிரம் போட்டோவ பாத்து முடிக்க மூணு நாள் ஆச்சு, விசிறி கத்தின கத்துல வீட்ல எல்லாரும் திட்டினாங்க. முடிச்சப்போ, தங்கச்சி ஆல்பத்துல இருந்து ஸ்கேன் பண்ணிப் போட்ட எங்க அம்மாவோட சின்ன வயசு போட்டோவ என் மக பேருக்கு கீழ கொண்டு போய் சேத்து வச்சிருந்துச்சு. தப்புதான், நான் இன்னும் திருத்தல.

பை-ஹோல்னு விளம்பரம் தடுக்கிறது ஒண்ணும் போட்டேன், அதனால வீட்ல என் மதிப்பு குறைஞ்சதுதான் மிச்சம். ஷாப்பிங் தேடும்போது மேல வர்ற லிங்க் எதுவும் திறக்க மாட்டேங்குதுன்னு வீட்டம்மா சொன்னாங்க, அது விளம்பரம்மா அதான்னு வெளக்கினேன், எனக்கு அந்த புடவதான் வேணும்னாங்க. அவங்க போனுக்கு மட்டும் விலக்கு குடுத்தாச்சு.

இனி ஆஸ்பத்திரி விஷயம். போன வருஷம் ஆவணியில ஒரு ராத்திரி எனக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ்ல திருநெல்வேலி கொண்டு போனாங்க, ஐசியூ. அட்மிஷன்ல இன்சூரன்ஸ் பாலிசி காப்பி கேட்டிருக்காங்க, டாக்டர் 2019ல எடுத்த ஆஞ்சியோ ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டிருக்காரு. ரெண்டும் சர்வர்ல இருக்கு, நானே ஸ்கேன் பண்ணி ஃபோல்டர் ஃபோல்டரா அடுக்கினது. மக கோயம்புத்தூர்ல இருந்து போன்ல திறந்து பாத்திருக்கா, ஆஃப்லைன். நாங்க கெளம்பினதும் எங்க ஏரியாவுல கரண்ட் போய், இன்வெர்ட்டரும் இறங்கி, சர்வர் அணைஞ்சிருக்கு. கரண்ட் வந்ததும் திரும்ப எழுந்திருக்கு, ஆனா எழுந்து வாசல்லயே நின்னுருச்சு. ஏன்னா நான் டிஸ்க்க முழுசா என்கிரிப்ட் பண்ணி, அதாவது பூட்டி வச்சிருந்தேன், மெஷின் எழுந்திரிக்கும்போது பாஸ்ஃபிரேஸ்ங்கிற நீளமான பாஸ்வேர்ட அடிச்சாதான் உள்ள போகும். திருடன் தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணும் படிக்க முடியாதுன்னு பெருமையா பண்ணது. என் மச்சினன் வீட்டுச் சாவி வாங்கிட்டுப் போய் லேப்டாப்ப திறந்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான், கருப்பு ஸ்கிரீன், ஒரே ஒரு வரி, பாஸ்ஃபிரேஸ் குடுன்னு. அத தெரிஞ்ச ஒரே ஆளு மூக்குல ட்யூபோட படுத்திருக்கேன்.

காப்பாத்தினது என்ன தெரியுமா, மஞ்சப்பை. வெள்ளத்துக்கு அப்புறம் எங்க வீட்டம்மா எல்லா காகிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு மஞ்சப்பையில போட்டு மச்சில பரண் ஆணியில மாட்டி வச்சிருந்தாங்க. நான் அத பாத்து, இவ்ளோ பெரிய சர்வர் வச்சிருக்கேன் இதென்ன பையின்னு கேலி பண்ணவன். மச்சினன் அதத்தான் எடுத்துட்டு பஸ் ஏறியிருக்கான்.

வார்டுக்கு மாத்தினப்புறம் வீட்டம்மா சண்ட போடல, சும்மா ஒண்ணு கேட்டாங்க. "அந்த கம்பெனிக்காரன்கிட்டயாவது பாஸ்வேர்டு மறந்துட்டேன்னா போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவான். நீங்க இப்படி படுத்துக்கிட்டா நான் யார்கிட்ட போய் கேக்க?"

எனக்கு பதில் வரல. நாலு நாளா படுத்துக்கிட்டே அதத்தான் யோசிச்சேன். சாவி இன்னொருத்தன்கிட்ட இருக்குன்னு சொல்லித்தான கிளவுட்ட விட்டுட்டு வந்தேன், இப்ப எங்க வீட்டம்மாவுக்கு நான்தான அந்த இன்னொருத்தன்? அவங்க கல்யாண போட்டோ, அவங்க பிள்ளை போட்டோ, அவங்க பேருல இருக்கிற பத்திரம், எல்லாத்துக்கும் நான் ஒருத்தன் வாசல்ல உக்காந்துக்கிட்டு, நான் இருந்தா திறப்பேன் இல்லேன்னா இல்லன்னு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை அவங்ககிட்ட கேட்டு நான் எதையும் செட் பண்ணல. அந்த பெரிய கம்பெனிகளாவது விதிமுறைன்னு அம்பது பக்கம் எழுதி ஓகே பட்டன் அமுக்க வைக்கிறான், நான் அதுகூட பண்ணல.

இதுல வெக்கப்பட வேண்டிய விஷயம் என்னன்னா துறைமுகத்துல 31 வருஷத்துல ஒரு நாள் கூட நான் லாக் புக் எழுதாம ஷிஃப்ட் விட்டு எறங்கினது கிடையாது. எந்த பிரேக்கர் ட்ரிப் ஆச்சு, எந்த மோட்டார்ல சத்தம் வருது, எந்த பேனல் சாவி எந்த ஆணியில தொங்குது, எல்லாம் எழுதி அடுத்த ஷிஃப்ட் ஆளு கையெழுத்து போட்டாதான் நான் சைக்கிள எடுப்பேன். எவ்ளோ பெரிய கில்லாடியா இருந்தாலும் அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்ச மெஷின அங்க யாரும் பெருமையா பேச மாட்டாங்க, அது கோளாறுன்னுதான் கணக்கு. அதே ஆளு வீட்டுக்கு வந்து ரெண்டாவது ஷிஃப்டே இல்லாம ஒரு மெஷின ஓட்டியிருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினோம். நான் எழுதக் கூடாது, நான் சொல்லச் சொல்ல அவங்கதான் எழுதணும்னு வீட்டம்மா கண்டிஷன். அதுல எனக்கு கெடச்ச பாடம் தனி. "டிஸ்க் மவுண்ட் ஆயிருக்கான்னு பாரு"ன்னேன், எங்க போய் பாக்கன்னு கேட்டாங்க. "டெர்மினல திற"ன்னேன், தூத்துக்குடி டெர்மினலான்னு கேட்டாங்க, வேணும்னேதான் கேட்டாங்கன்னு இப்ப தோணுது. மூணு பக்கம் எழுதினப்புறம் எனக்கே தெரிஞ்சுது, இத சொல்லித் தர்றத விட மெஷின எளிமையா மாத்துறதுதான் வேலைன்னு. பாதிய பிடுங்கி எறிஞ்சேன். டிஸ்க்க முழுசா பூட்டுறத எடுத்துட்டேன், கரண்ட் வந்தா சர்வர் யாரையும் கேக்காம தானா எழுந்திரிக்கும். திருடன் வந்து இந்த பத்து வருஷத்து லேப்டாப்ப தூக்கிட்டுப் போறதுக்கு இருக்கிற வாய்ப்ப விட நான் படுத்துக்கிறதுக்கு இருக்கிற வாய்ப்பு அதிகம், அத ஒத்துக்க வேண்டியதுதான். மதுரையில இருக்கிற டிஸ்க் மட்டும் பூட்டோட இருக்கு, அதோட பாஸ்ஃபிரேஸ் ஒரு கவர்ல எழுதி பேங்க் லாக்கர்ல நகையோட கிடக்கு, ஒரு பிரதி மககிட்ட.

போட்டோ எல்லாம் வருஷம், மாசம் பேரு போட்ட சாதா ஃபோல்டர்லதான் இப்ப இருக்கு, இம்மிச்ல அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, அத போடலேன்னா புரியாத எழுத்துல ஃபோல்டர் வச்சிரும். ரெண்டாவது டிஸ்க்க விண்டோஸும் லினக்ஸும் படிக்கிற எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாத்திட்டேன், ஏன்னா லினக்ஸோட டிஸ்க்க விண்டோஸ்ல சொருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும், யாராவது ஆமான்னு அமுக்கிட்டா சோலி முடிஞ்சுது. இப்ப மச்சினன் வந்து டிஸ்க்க உருவிட்டுப் போய் பக்கத்து கடை கம்ப்யூட்டர்ல சொருகினாலும் படம் தெரியும். டாக்குமென்ட் மட்டும் மாசம் ஒரு தடவ பென்டிரைவுக்கு போகும், பென்டிரைவ் எங்க போகும்னு கேட்டா மஞ்சப்பைக்குதான்.

அப்புறம் ஒத்திகை. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நான் வெளிய தார்சால உக்காந்துக்குவேன், வாய் திறக்கக் கூடாது. வீட்டம்மா நோட்ட வச்சுக்கிட்டு சர்வர அணைச்சு, எழுப்பி, பாலிசி காப்பிய தேடி எடுத்து என் போனுக்கு அனுப்பணும். மொத தடவ 50 நிமிஷம், எனக்கு உள்ள போய் மவுஸ பிடுங்கிரலாமான்னு கை பரபரன்னுச்சு. போன மாசம் 11 நிமிஷம்.

இத ஏன் பத்திரிகைக்கு எழுதணும்னா, இது என் வீட்டு கத மட்டும் இல்ல. எங்க தெரு நலச் சங்கத்து கணக்கு வழக்கு பூரா ஒரு பையனோட மெயில்ல இருந்துச்சு, தங்கமான பையன், துபாய் போயிட்டான், அவன் நம்பர் மாறிருச்சு, ரெண்டு வருஷ ரசீது யார்கிட்டயும் இல்ல. கோயில் கமிட்டில, சின்னச் சின்ன கடையில, கிளினிக்ல எங்க பாத்தாலும் 'அந்தத் தம்பிக்குதான் தெரியும்'னு ஒரு தம்பி இருக்காரு. தொழில்நுட்பம்னா நாம பெட்டிய பத்தியும் ஆப்ப பத்தியும்தான் பேசுறோம், கைமாத்தி விடுறதப் பத்தி யாரும் பேசுறதில்ல. 2010லயே ஈபன் மொக்லென்னு ஒரு அமெரிக்க சட்டப் பேராசிரியர், வீட்டுக்கு வீடு சுவத்து பிளக்ல சொருகுற அளவுல ஒரு சின்ன சர்வர் இருக்கணும், அவங்கவங்க விஷயம் அவங்கவங்க வீட்ல இருக்கணும்னு சொன்னாரு, ஃப்ரீடம்பாக்ஸ்னு மென்பொருளும் வந்துச்சு, இன்னைக்கும் நல்லா ஓடுது, டெபியனுக்குள்ளயே இருக்கு. இருந்தும் பதினஞ்சு வருஷம் கழிச்சும் எங்க தெருவுல என் வீட்டத் தவிர எங்கயும் கிடையாது. பெட்டி விலை ஒரு காரணமே இல்ல, பழைய லேப்டாப் இல்லாத வீடு எது? பொருத்தினவன் போயிட்டா அடுத்து யாருங்கிறதுக்கு பதில் இல்லாததுதான் காரணம்னு எனக்கு படுது.

பேங்க், பிஎஃப், எல்ஐசி எல்லாத்துலயும் ஃபாரத்துலயே நாமினி பேரு கேப்பான். கூகுள்ல 2013ல இருந்தே கணக்கு ஓடாம கிடந்தா யாருக்கு போகணும்னு எழுதி வைக்கிற வசதி இருக்கு, ஆப்பிள் 2021 கடைசியில குடுத்தாங்க, நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துலயும் நாம இறந்துட்டாலோ முடியாமப் போனாலோ நம்ம சார்பா இன்னொருத்தர நியமிக்கிற உரிமைன்னு ஒரு பிரிவு எழுதியிருக்காங்க. அதாவது இவங்க எல்லாருமே யோசிச்சிருக்காங்க, சுதந்திரமா வீட்ல சர்வர் வைக்கிறோம்னு பேசுற நாங்கதான் யோசிக்கல.

அதனால உங்க கட்டுரையாளருக்கும் அந்த வாசகருக்கும் என் வேண்டுகோள் ஒண்ணுதான், அடுத்த தடவ எழுதும்போது எத வாங்கணும்ங்கிறதுக்கு பக்கத்துல இதையும் ஒரு பத்தி எழுதுங்க. வீட்ல ஒரே ஒரு ஆளுக்குதான் சர்வர் தெரியும், மத்தவங்க கத்துக்கவும் விருப்பமில்லன்னா தாராளமா கிளவுட்லயே வைங்க, காசு குடுத்து வைங்க, நாமினி போடுங்க, வருஷம் ஒரு தடவ முழுசா டவுன்லோட் பண்ணி ஒரு டிஸ்க்குல எடுத்து வைங்க, இத சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. சர்வர்தான் வேணும்னா, பொருத்துறதுக்கு முன்னாடி ரெண்டாவது ஆளு யாருன்னு முடிவு பண்ணுங்க, அந்தாளுகிட்ட கேட்டுட்டு பொருத்துங்க.

அந்த நோட்டு இப்ப 26 பக்கம் நிறைஞ்சிருக்கு. நேத்து புரட்டிப் பாத்தேன், கடைசிப் பக்கத்துல நான் சொல்லாத ஒரு வரிய வீட்டம்மா அவங்களா எழுதி கட்டம் போட்டு வச்சிருக்காங்க: "இதெல்லாம் ஒண்ணும் ஓடலேன்னா பரண் ஆணியில பை தொங்குது."

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி.

(பேரும் தெருவும் போட வேண்டாம்னு கேட்டுக்கிறேன். டிஸ்க்குல பூட்டு இல்லன்னு நானே மேல எழுதிட்டேன்.)